பாம்பும் ஏணியும் கொண்டுபோன கடற்கரை

முன்னொரு காலத்தில், காற்றைக் கேட்டுத்தான் கப்பல்கள் கிளம்பும், காற்றைக் கேட்டுத்தான் திரும்பும் என்றிருந்த காலத்தில், சங்குமுனை என்று ஒரு கடலோர ராஜ்யம் இருந்தது.

அந்த ஊரில் ஒரு விசித்திர வழக்கம். எந்தப் பொருளாக இருந்தாலும் அதற்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. பலகையில் பொருளின் பெயர் இங்கிலீஷில் எழுதியிருக்கும். இங்கிலாந்துக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம் அல்லவா? இறங்குகிற மாலுமிக்கு எது என்ன என்று தெரிய வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய வழக்கம் அது. நாளாக ஆக, அளவு மீறிவிட்டது. ஆட்டின் கழுத்தில் ஒரு பலகை. ஆலமரத்து நிழலில் ஒரு பலகை. மணலில் ஊன்றிய கம்பத்தில் 'ஷோர்' என்று ஒரு பலகை. ஷோர் என்றால் கடற்கரை. "பலகை இல்லாத பொருள், சங்குமுனையில் இல்லாத பொருள்" என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தப் பலகைகளை எழுதுகிறவள் பெயர் ஆவுடை. இருபது வயது. எப்போது பார்த்தாலும் விரல் நுனியில் சாயம் ஒட்டியிருக்கும். அவளுடைய அம்மா கோமு, சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல் செய்கிறவள். நாற்பது நாள் கடலில் இருப்பாள், நான்கு நாள் வீட்டில் இருப்பாள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதனால் எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்து அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். ஓ என்ற எழுத்து வளையல். ஒய் என்ற எழுத்து கவட்டை. வளைந்து நெளியும் எஸ் என்ற எழுத்து பாம்பு. இரண்டு கால், நடுவில் ஒரு படியோடு நிற்கும் ஹெச் என்ற எழுத்து ஏணி. பாம்பும் ஏணியும் அடுத்தடுத்து நின்றால் 'ஷ்' என்று ஒலிக்கும். அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுத்துச் சொல்வோமே, அதே 'ஷ்'.

பாம்பும் ஏணியும் பெயரின் முதலில் நின்றால் அந்தச் சரக்கு கிடங்கின் மூன்றாம் அறைக்குப் போகும். ஷர்ட் என்றால் சட்டை, மூன்றாம் அறை. ஷால் என்றால் சால்வை, மூன்றாம் அறை. ஷீப் என்றால் செம்மறியாடு. அதுவும் மூன்றாம் அறை. மறுநாள் திறந்து பார்த்தால் ஷீப் பாதி ஷாலைத் தின்று முடித்திருக்கும்.

"எழுத்துப்படிதானே வச்சோம்? எங்க மேல என்ன தப்பு?" என்பார்கள் மூட்டை தூக்குகிறவர்கள்.

இப்படி இருந்த ஊருக்கு ஒருநாள் காலையில் ஒரு மாயாவி வந்து சேர்ந்தான். அவன் தாடி முழுவதும் பித்தளைக் கம்பி. நடந்தால் கிணுகிணு என்று சத்தம் வரும். அதனால் அவனுக்குப் பித்தளைத்தாடி என்றே பெயர். கையில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தான். கிணுகிணு என்று அரண்மனைக்குள் போனான்.

அரசர் மகரவர்மர் பரமபதம் ஆடிக்கொண்டிருந்தார். தாயம் உருட்டி, ஏணியில் ஏறி, பாம்பில் இறங்கி விளையாடுவோமே, அந்தப் பரமபதம். அரசருக்கு அதில் பெரிய கர்வம். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவரைப் பாம்பு கடித்ததில்லை. அது எப்படி? அரசரின் காய் பாம்பு வாயில் போய் நிற்கிற நேரத்தில் மந்திரிக்குத் தும்மல் வரும். தும்முகிற வேகத்தில் காய் ஒரு கட்டம் தள்ளிப்போய்விடும். அரசருக்கு மட்டும் இது தெரியாது.

"என்னோடு ஓர் ஆட்டம் ஆடுகிறீர்களா, மகாராஜா?" என்றான் பித்தளைத்தாடி. "நான் தோற்றால் இந்தத் தாடி உங்களுக்கு. நீங்கள் தோற்றால், உங்கள் ஊர்ப் பலகைகளில் பாம்பும் ஏணியும் முன்னால் நிற்கிற சொற்கள் எல்லாம் எனக்கு."

"சொற்கள் மட்டும்தானா?"

"சொற்கள் மட்டும்தான்."

அரசர் சிரித்தார். "அவை கடல் தாண்டி வந்த சொற்கள். போனால் போகட்டும். உருட்டு."

ஆட்டம் நடந்தது. அரசரின் காய் நீளமான பாம்பின் வாய்க்கு வந்தது. மந்திரி மூக்கைச் சுருக்கினார். பித்தளைத்தாடி அவரை ஒரு பார்வை பார்த்தான். வந்த தும்மல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. பாம்பு கடித்தது, அரசர் அடிக்கட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் மேலே ஏறுவதற்குள் மாயாவி பரமபதத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.

"மகாராஜா, ஒன்றை மறந்துவிட்டீர்கள்" என்றான். "உங்கள் ஊரில் பலகை இல்லாத பொருள் இல்லாத பொருள். சொல் பலகையோடு வரும். பலகை பொருளோடு வரும்."

பெட்டியைத் திறந்தான்.

முதலில் அரசரின் கால்களிலிருந்து ஷூ கழன்று பறந்தது. ஷூ என்றால் காலணி. காவலர்களின் ஷர்ட்டுகள் பொத்தானோடு பறந்தன. கடைத்தெருவில் இருந்த ஷாப்புகள், அதாவது கடைகள், தராசும் கூரையுமாகப் பறந்தன. நாவிதர் சுடலையின் கொட்டகையில் 'ஷேவ்' என்று பலகை தொங்கியது. ஷேவ் என்றால் முகச்சவரம். அது பறந்ததும், ஊரில் இருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரு நொடியில் மார்பு வரை தாடி வளர்ந்துவிட்டது. துறையில் கட்டியிருந்த ஏழு ஷிப்புகள், ஏழும் ஆளில்லாத கப்பல்கள், பாய்களை விரித்தபடியே பெட்டிக்குள் போயின. ஷேட் என்றால் நிழல். ஆலமரம் அங்கேயே நின்றது. அதன் கீழே நிழலைக் காணோம். அத்தனையும் போன பெட்டி ஒரு வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருந்தது.

கடைசியாக ஷோர் போனது. கடற்கரையைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டு பெட்டி மூடிக்கொண்டது.

கரை போன இடத்தில் கறுப்பும் இல்லை, பள்ளமும் இல்லை. எழுதாத காகிதம்போல் வெள்ளையாக ஒன்று இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நிலம். அந்தப் பக்கம் கடல். இரண்டும் தொடவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கோமுவின் கப்பல் வந்துகொண்டிருந்தது. நடுக்கடலில் இருந்த கப்பலுக்குச் சங்குமுனைப் பலகை கிடையாது, அதனால் தப்பித்தது. ஆனால் அது எவ்வளவு கிட்டே வந்ததோ அவ்வளவு தூரம் நிலம் தள்ளிப்போயிற்று. கப்பல் கூப்பிடு தூரத்தில் நின்றது. மறுபடி பாய் விரித்தது. மறுபடியும் அதே கூப்பிடு தூரம்.

ஆவுடை நிலத்தின் விளிம்புக்கு ஓடினாள்.

"எம்மா."

"ஏட்டி ஆவுடை, எங்கட்டி கரை?" கோமுவின் குரல் கணீரென்று வந்தது. கடல் இரைச்சலில் பேசிப் பழகிய குரல். "ஒரு மணி நேரமா வாறோம், வாறோம், வந்து சேரவே மாட்டேங்கு."

"கரையை ஒரு மாயாவி எடுத்துக்கிட்டான்மா. ராஜா தோத்துட்டாரு."

"ராஜா தோத்தா ராஜா தலைப்பாகையைக் கொடுக்கணும். என் கரையை எதுக்குக் கொடுத்தாரு? இங்க பதினோரு பேருக்கு ஒரே ஒரு பானை நல்ல தண்ணி இருக்கு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வந்தா பெரிசு."

ஆவுடை அழவில்லை. நேரே அரண்மனை வாசலுக்குப் போனாள். அங்கே பித்தளைத்தாடி பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஊரே திரண்டிருந்தது. அரசர் வெறுங்காலோடு சுடுகிற மண்ணில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாவற்றையும் திரும்பக் கொடு" என்றாள் ஆவுடை.

"கொடுக்கிறது நானில்லை, பெட்டி. அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது" என்றான் அவன்.

பெட்டி தானே பேசியது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "சொல் என்னிடம் இருக்கிறது. பொருள் யாரிடம் இருக்கிறது? ஒரு சொல்லுக்கு மூன்று பதில். சொன்ன அர்த்தம் சரியென்று அந்தப் பொருளே ஒப்புக்கொண்டால் அது வெளியே வரும். மூன்றும் தவறினால் என்றைக்கும் வராது. சூரியன் மறைந்துவிட்டால் எதுவுமே வராது."

"இவ்வளவுதானா?" என்று முன்னால் வந்தார் அனந்தப்பர். அவர் அரண்மனைத் துபாஷி. இங்கிலீஷ்காரர் பேசுவதை அரசருக்குத் தமிழில் சொல்கிறவர். ஆயிரம் சொற்களை அகராதிபோல் மனப்பாடமாக வைத்திருந்தார். தாடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "எந்தச் சொல் வேண்டுமானாலும் கேள்" என்றார்.

"ஷீப்" என்றது பெட்டி. "சொல் என்னிடம் இருக்கிறது. பொருள் யாரிடம் இருக்கிறது?"

"ஷீப் என்பது செம்மறியாடு. நாலு கால், இரண்டு காது, ஒரு வால், உடம்பெல்லாம் உரோமம்."

பெட்டியின் மூடி கொஞ்சம் திறந்தது. ஓர் ஆட்டுத்தலை எட்டிப் பார்த்தது. "நானில்லை, நானில்லை, நானே இல்லை. நீ சொல்கிறது நாயாகக்கூட இருக்கலாம்."

அனந்தப்பருக்கு வியர்த்தது. "மே என்று கத்துவது."

"நானில்லை, நானில்லை, நானே இல்லை. வெள்ளாடும் அப்படித்தான் கத்தும்."

"இன்னும் ஒரு பதில்தான்" என்று பல்லைக் காட்டினான் பித்தளைத்தாடி.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க" என்றாள் ஆவுடை. இந்த ஆடுகளின் கழுத்தில் பலகை கட்டுவதற்காக அவள் எத்தனையோ நாள் அவற்றின் பின்னால் ஓடியிருக்கிறாள். பெட்டியைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "முன்னால் போகிறது எங்கே போகிறது என்று கேட்காமலே பின்னால் போகிறது ஷீப். முன்னால் போகிறதுக்கும் தெரியாது."

ஆட்டுக்குக் கோபமே வரவில்லை. "நான்தான், நான்தான், நானேதான்" என்று துள்ளி வெளியே குதித்தது. அதன் பின்னாலேயே, எங்கே போகிறோம் என்று கேட்காமல், நூற்றிருபது ஆடுகள் குதித்தன. தன்னைச் சொல்லவில்லை என்பதுபோல் மந்திரி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆவுடைக்கு அப்போது ஒரு விஷயம் பிடிபட்டது. அனந்தப்பர் சொன்னது தப்பில்லை. ஆனால் அவர் எழுத்தோடு பழகியவர், ஆட்டோடு பழகியவர் இல்லை. எந்தப் பொருளோடு யார் பழகினாரோ அவரிடம்தான் அதன் பொருள் இருக்கும்.

"ஷூ" என்றது பெட்டி. "சொல் என்னிடம் இருக்கிறது. பொருள் யாரிடம் இருக்கிறது?"

"மகாராஜாவிடம் இருக்கிறது" என்றாள் ஆவுடை. அந்த ஊரில் ஷூ போடுகிறவர் அவர் ஒருவர்தான். "சொல்லுங்க, மகாராஜா."

அரசர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒன்று தொலைந்தால் இன்னொன்றும் தொலைந்த மாதிரிதான். அதுதான் ஷூ."

"நான்தான், நான்தான், நானேதான்" என்று இரண்டும் ஓடிவந்து அவர் காலில் மாட்டிக்கொண்டன.

அதன் பிறகு கேட்க வேண்டுமா? ஊரே வரிசையில் நின்றது.

ஷர்ட்டுக்குச் சலவைக்காரி ஆனைச்சி வந்தாள். "யார் வீட்டுல என்ன குழம்புன்னு எனக்கு வந்து சொல்றது ஷர்ட்டு" என்றாள். சட்டைகள் சிரித்துக்கொண்டே பறந்து வந்து அவரவர் உடம்பில் ஏறின.

ஷேவுக்குச் சுடலை வந்தார். "கழுத்துல கத்தி இருக்கும். ஆனாலும் ஆளு நிம்மதியாக் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருப்பான்" என்றார். ஊரில் இருந்த தாடிகள் எல்லாம் பொத்தென்று கீழே விழுந்தன. பித்தளைத் தாடி ஒன்றைத் தவிர. அது சங்குமுனையில் முளைத்த தாடி இல்லையே.

ஷேட் என்ற நிழலுக்கு மூட்டை தூக்குகிற வேலாண்டி வந்தார். "காலையில ஓரிடத்துல படுக்கச் சொல்லும். கண்ணு சொக்குற நேரத்துல எழுப்பி, தள்ளிப் படுன்னு சொல்லும்" என்றார். ஆலமரத்தின் கீழே குளிர்ச்சியாக நிழல் வந்து விழுந்தது.

ஷாப்புக்கு நாலு பெண்கள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். "ஒரு சாமான் வாங்கப் போயி, அஞ்சு சாமானோட வந்து, அந்த ஒரு சாமானை மறந்துட்டு வர்ற இடம்." கடைத்தெரு பழையபடி எழுந்து நின்றது. ஷிப்புக்கு மாலுமிகள் சொன்னார்கள். "ஏறினதும் எப்போ இறங்குவோம்னு இருக்கும். இறங்கினதும் எப்போ ஏறுவோம்னு இருக்கும்." கப்பல்கள் ஏழும் கடலில் போய் மிதந்தன.

இப்படி ஒவ்வொன்றாக வந்து, சூரியன் மேற்கே சாய்ந்த நேரத்தில் ஒரே ஒரு சொல் மீதி இருந்தது.

"ஷோர்" என்றது பெட்டி. "சொல் என்னிடம் இருக்கிறது. பொருள் யாரிடம் இருக்கிறது?"

ஆவுடைக்கு ஆசை முந்திக்கொண்டது. அம்மாவை உடனே பார்க்க வேண்டும். "கடல் முடிகிற இடம்" என்றாள்.

பெட்டிக்குள் மணல் சரசரத்தது. "நானில்லை, நானில்லை, நானே இல்லை. கடல் எங்கே முடிகிறது? அடுத்த அலை பாக்கி இருக்கிறதே."

"நிலம் முடிகிற இடம்."

"நானில்லை, நானில்லை, நானே இல்லை. நண்டைக் கேட்டால் நிலம் தொடங்குகிற இடம் என்று சொல்லும்."

இனி ஒரே ஒரு பதில். அதுவும் தவறிவிட்டால் கோமுவின் கப்பல் என்றைக்கும் கூப்பிடு தூரத்திலேயே நிற்கும். பானையில் தண்ணீர் இருக்கிறவரை கூப்பிடலாம்.

ஆவுடை தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். கரையில் பிறந்து கரையில் நடக்கிற எனக்குக் கரையின் பொருள் எப்படித் தெரியும்? நாற்பது நாள் கரை இல்லாமல் இருந்தவளிடம் அல்லவா கேட்க வேண்டும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு ஓடினாள். பின்னால் ஊர் ஓடியது. கிணுகிணு என்று மாயாவியும் ஓடினான்.

"வேறு ஆளைக் கேட்கக் கூடாது" என்று கத்தினான்.

"கேட்கலாம்" என்றது பெட்டி. "சவரத்துக்கு நாவிதரைக் கேட்டார்கள். அப்போது நீ வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாய்."

"எம்மா, ஷோர்னா என்னம்மா? ஒரே ஒரு பதில்தான் மிச்சம். நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இங்க பதினோரு பேருக்கு நாக்கு வறண்டு கிடக்கு. இவளுக்குப் பாடம் கேட்க நேரம் பாரு" என்றாள் கோமு. ஆனாலும் திரும்பி மற்றவர்களைக் கேட்டாள். கப்பல் தலைவர் சொன்னார்: "நங்கூரம் போடுற இடம்." கோமு கையை வீசினாள். "நங்கூரத்தை நடுக்கடல்லயும்தான் போடுறீரு." பாய் கட்டுகிறவன் சொன்னான்: "பெண்டாட்டி நின்னு வழி பார்க்கிற இடம்." அவன் கூட்டாளி சிரித்தான். "உன் பெண்டாட்டி என்னைக்கு வந்து நின்னா?"

"எம்மா, நான் நிக்கிற இடம்னு சொல்லட்டுமா?" என்றாள் ஆவுடை.

"ஏட்டி, நீ மலை உச்சியில நின்னாலும் நீ நிக்கிற இடம்தான். அது கரையாயிருமா? பொறு, கஞ்சி கொதிக்கு."

சூரியன் அடிவானத்தைத் தொட்டது. அப்போது ஓர் அலை கப்பலைத் தூக்கிப் போட்டது. அடுப்பு இந்தப் பக்கம் சாய்ந்தது. பானை அந்தப் பக்கம் சாய்ந்தது. கஞ்சி கோமுவின் கையில் தெறித்தது.

"ஆடித் தொலையாதே" என்று அடுப்பைத் திட்டினாள் கோமு. "நாப்பது நாளா உன்னோட மல்லுக்கட்டுறேன். ஒரு கையில கரண்டி, ஒரு கையில நீ. அடுப்பு ஆடாத இடம்னு ஒண்ணு இந்த உலகத்துல..."

பாதியில் நிறுத்தினாள். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஆவுடை பெட்டியின் மேல் குனிந்தாள். "அடுப்பு ஆடாத இடம்" என்றாள். "அதுதான் ஷோர்."

பெட்டிக்குள் மணல் சிரிக்கிற சத்தம் கேட்டது. "இத்தனை காலத்தில் இப்படி யாரும் சொன்னதில்லை. நான்தான், நான்தான், நானேதான்."

மூடி படாரென்று திறந்தது. கரை பாய் விரிவதுபோல் விரிந்துகொண்டே போயிற்று. நண்டுகள் ஓடின, கிளிஞ்சல்கள் சிதறின, கம்பம் தன் பலகையோடு எழுந்து நின்றது. முதல் அலை வந்து மணலைத் தொட்டது. கோமுவின் கப்பல் மெதுவாக முட்டி நின்றது. ஆவுடை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடினாள். பின்னால் ஊரார் குடம் குடமாக நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பித்தளைத்தாடி மெல்ல நழுவப் பார்த்தான். பெட்டி விடவில்லை.

"இன்னும் ஒரு பெயர் இருக்கிறது. பித்தளைத்தாடி. பொருள் யாரிடம் இருக்கிறது?"

"எல்லாம் உடையவன்" என்றான் அவன். அவன் தாடியே கிணுகிணுத்தது: "நீயில்லை, நீயில்லை." காலிப் பெட்டியும் வெறுங்கையும்தான் அவனிடம் இருந்தன.

"எல்லோரும் பார்த்து நடுங்குகிறவன்." ஒரு செம்மறியாடு அவன் அங்கியைத் தின்றுகொண்டிருந்தது. "நீயில்லை, நீயில்லை" என்றது தாடி.

பெட்டி அவன் பக்கம் வாயைத் திறந்தது. மூன்றாவது பதில் அவனுக்குத் தெரியவில்லை. அவனோடு பழகியவர்கள் யாரும் இல்லை, யாரைக் கேட்பான்? அந்த நேரத்தில் கோமு கஞ்சிப் பானையோடு கரை ஏறினாள்.

"யாருய்யா இது? முகம் இப்படி வாடிக் கிடக்கு. சாப்பிட்டீரா?"

"காலையில் கொஞ்சம் வேர்க்கடலை..."

"பசிச்ச மனுசன். இதுக்கு என்ன பொருள் கேக்க வேண்டிக் கிடக்கு?" என்றாள் கோமு பெட்டியைப் பார்த்து.

"நீதான், நீதான், நீயேதான்" என்றது தாடி. அதோடு பித்தளைக் கம்பிகள் உதிர்ந்தன. கீழே சாதாரண நரைத்தாடி இருந்தது. பெட்டியும் பேச்சை விட்டு வெறும் மரப்பெட்டியாகிவிட்டது.

அரசர் ஆவுடையிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். "ஒரு குதிரை வேணும், மகாராஜா" என்றாள். "இனிமே பலகையில ஒரு பக்கம் இங்கிலீஷ்ல பேர் எழுதுவேன். மறுபக்கம் அந்தப் பொருளோட பழகுறவங்க சொல்ற அர்த்தத்தைத் தமிழ்ல எழுதுவேன். ஊர் ஊராப் போய்க் கேட்கணுமே." அரசர் இரண்டு குதிரைகள் கொடுத்தார். ஒன்று அவளுக்கு, ஒன்று அனந்தப்பருக்கு. அவருக்கு ஆயிரம் சொல் தெரியும் அல்லவா? ஆயிரம் பேரிடம் கேட்க வேண்டியிருந்தது.

அன்று இரவு கோமு மணலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். கப்பல் ஆட்கள், சுடலை, ஆனைச்சி, அரசர், மாஜி மாயாவி என்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கோமு கரண்டியை ஒரு கையில் பிடித்தாள். இன்னொரு கையால் பக்கத்தில் இருந்த மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அவர்கள் கஞ்சி குடித்துக் களித்திருந்தார்கள்; கேட்ட நீங்களும் அப்படியே களித்திருங்கள்.